தொட்ட பந்தெல்லாம் பிழை

எங்கள் பழைய கிளப்பின் வாட்ஸப் குழுவில் காலை ஆறு மணிக்கே சண்டை தொடங்கிவிடும். உலகத்திலேயே பெரிய பேஸ்பால் ஆட்டக்காரர் யார்? இதுதான் விஷயம். பால் பாக்கெட்டை வெட்டுவதற்கு முன்னால் போனைப் பார்த்தால் நாற்பது மெசேஜ் கிடக்கும். சண்டை போடுகிறவர்கள் யாரும் சின்னப் பிள்ளைகள் இல்லை. எல்லாருக்கும் ஐம்பது ஆகிவிட்டது, பாதிப் பேருக்கு முட்டி வலி. திருவனந்தபுரத்தில் பெண்கள் பேஸ்பால் ஆடினோம், லீக் இருந்தது, மாநில அணி இருந்தது என்று சொன்னால் என் ஆபீஸில் இன்றைக்கும் நம்ப மாட்டார்கள். "கிரிக்கெட்டைத்தானே சொல்றீங்க மேடம்?" என்பார்கள். இல்லையப்பா, பேஸ்பால்தான். நான் சும்மா விடுவதில்லை. மேஜையில் நாலு ஃபைலை, அடித்தவள் ஓடித் தொடுகிற நாலு பேஸாக வைத்து, யார் எங்கே நிற்க வேண்டும், பந்து எப்படி வரும் என்று முழுசாக விளக்கிவிட்டுத்தான் அவர்களை டீ குடிக்க விடுவேன்.

குழுவில் மூன்று கட்சி. ஒரு கட்சிக்கு அமெரிக்காவின் பழைய காலத்து ஆட்டக்காரர்கள்தான் தெய்வம். இரண்டாவது கட்சி, "அந்தக் காலத்தில் கறுப்பர்களை ஆடவே விடவில்லையே, பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டு ஆடிய ஆட்டத்தில் எவன் பெரியவனாக இருந்தால் என்ன?" என்று கேட்கும். மூன்றாவது கட்சி இப்போது ஆடுகிறவர்களைத் தவிர யாரையும் ஆளாகவே மதிக்காது. இந்த மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறவள் நான். ஏனென்றால் நான் ஸ்கோரர். எட்டு வருடம் கிளப்பின் ஸ்கோர் புத்தகம் என் கையில் இருந்தது. "கண்ணால் பார்த்தேன், மனசு சொல்கிறது, இந்தப் பேச்செல்லாம் வேண்டாம். புத்தகத்தில் என்ன இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்" என்று மலையாளத்தில் ஒரு வரி போடுவேன். குழு கப்சிப் ஆகிவிடும். அந்த அமைதி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன மழைக்காலத்தில் செக்ரட்டரி சாருக்கு ஒரு யோசனை வந்தது. அவர் கிளப்பின் செயலாளர், ஒரு காலத்தில் எங்களுக்குப் பந்து எறிந்து பழக்கியவர். மைதானத்து கேலரிக்கு அடியில் கிளப்புக்கு ஒரு அறை கிடைத்திருந்தது. வெள்ளையடித்த சுவர் வெறுமையாக இருந்தது. அமெரிக்காக்காரனுக்காக நாம் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும், நம் கிளப்பிலேயே எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர்கள் யார் என்று முடிவு செய்வோம், ஒன்பது இடத்துக்கு ஒன்பது பேர், ஒன்பது படம், சுவரில் மாட்டுவோம் என்றார். அடுத்த நிமிஷமே நான் பதில் போட்டேன். "புத்தகங்களோடு வருகிறேன்."

புத்தகங்கள் மூன்று. என் வீட்டு இரும்பு அலமாரியில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கிறேன். என் கணவர் இரண்டு முறை பழைய பேப்பர்காரரிடம் போடப் பார்த்தார். இரண்டு முறையும் அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இல்லை.

நான் ஆட வந்தவள்தான். முதல் வருடமே முட்டி திருகிக்கொண்டது. கணக்கில் நல்ல மார்க், கையெழுத்தும் நன்றாக இருக்கும் என்று கோச் என்னிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் மைதானத்தைச் சின்னதாக அச்சடித்திருக்கும். பந்து எந்தப் பக்கம் போனது என்று அதில் ஒரு கோடு இழுக்க வேண்டும். யார் எடுத்தார்கள், எங்கே எறிந்தார்கள் என்று எண்களால் குறிக்க வேண்டும். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்பவள் ஷார்ட்ஸ்டாப், அவள் எண் ஆறு. எடுக்க வேண்டிய பந்தை எடுக்காமல் விட்டால் அவள் மேல் பிழை. ஆங்கிலத்து ஈ எழுத்துப் போட்டு, பக்கத்தில் ஆறு. யாராலும் எடுக்க முடியாத பந்தென்றால் அது அடித்தவளின் ஹிட், நிற்பவள் மேல் குற்றமில்லை. பெஞ்சில் உட்கார்ந்து நான் பென்சிலைத் தூக்கினால் ஆடுகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆடியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது.

எங்கள் கிளப்பில் ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி எங்கள் கேப்டன், எனக்கு இரண்டு வயது மூத்தவள், எல்லாருக்கும் கேப்டன் சேச்சி. நின்றாலும் நடந்தாலும் அழகு. மற்றவள் போனக்காடு எஸ்டேட்டிலிருந்து ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு வந்தவள். அப்பா அம்மா இருவரும் தேயிலை பறிக்கிறவர்கள். ஹாஸ்டலில் அவளை ஊர்ப் பெயரைச் சொல்லி 'போனக்காடு' என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழ் பேச ஆள் கிடைத்ததே என்று முதல் நாளே என்னிடம் ஒட்டிக்கொண்டாள். எங்கள் வீடு பழவங்காடியில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து என் அம்மா கையால் சாப்பிடுவாள். ஆட்டத்தன்று காலையில் இரண்டு பேரும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு மைதானத்துக்குப் போவோம்.

இரண்டு பேரையும் கோச் மாற்றி மாற்றி நிறுத்துவார். மாநில அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் ஒரு ஷார்ட்ஸ்டாப்தான் வேண்டும் என்றார்கள், இரண்டு வருடத்துக் கணக்கைக் கேட்டார்கள். நான் எழுதிக் கொடுத்தேன். போனக்காட்டின் பிழைகள் கேப்டன் சேச்சியுடையதைப்போல மூன்று மடங்குக்கு மேல். பேச்சே எழவில்லை, சேச்சிதான் போனாள். மாநிலத்துக்கு ஆடிய சர்டிபிகேட் இருந்ததால் அவளுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தது. போனக்காட்டுக்குக் கிடைக்கவில்லை. அந்த வருடமே ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு மலைக்குப் போய்விட்டாள். என்னோடு அவள் சண்டை போடவில்லை. "நீ உள்ளதத்தான எழுதின" என்றாள், அவ்வளவுதான். பிறகு கல்யாணம் செய்து வித்துராவில் குடியேறினாள். இப்போது அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிறாள். மைதானத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

மூன்று வருடம் முன்னால் மகளின் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் பழவங்காடிக்கு வந்தவள் அந்த மகளோடு என் வீட்டுக்கும் வந்தாள். "அம்மா நல்லா ஆடுவாங்களா ஆன்ட்டி?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவளே சொல்லிவிட்டாள். "எங்க? என் கையில பந்து நிக்கவே நிக்காது. வேணும்னா இவ புஸ்தகத்தப் பாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது என்னையே அறையலாம் போலிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு எல்லாரும் புது அறையில் கூடினோம். பத்துப் பதினைந்து பேர், பழம்பொரி, டீ. பந்தெறிபவளுக்கு அரை மணி நேரம் சண்டை, பந்து பிடிப்பவளுக்கு அதற்கு மேல். "அவள் ஆடினப்போ எதிரணியே சரியில்லை", "நான் ஆடினப்போ மைதானமே சரியில்லை" என்று ஆளாளுக்கு ஒன்று. நான் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி ஒவ்வொருத்தியாக அடக்கிக்கொண்டிருந்தேன். சண்டை மலையாளத்தில் போடுவேன், எண்ணுவது மட்டும் எனக்குத் தமிழில்தான் வரும். வாய்க்குள் 'இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு' என்று முணுமுணுப்பதைக் கேட்டு எல்லாரும் சிரிப்பார்கள்.

ஷார்ட்ஸ்டாப் முறை வந்தது. எல்லாரும் கேப்டன் சேச்சியைப் பார்த்தார்கள். மூலையிலிருந்து ஒருத்தி மட்டும், "போனக்காடு இருந்தாளே?" என்று இழுத்தாள்.

நான்தான் பதில் சொன்னேன், வேறு யாரும் இல்லை. "ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒரே அளவு ஆட்டம். சேச்சிக்குப் பிழை ஒன்பது. போனக்காட்டுக்கு முப்பத்தொன்று. அடுத்த இடத்துக்குப் போகலாம்." புத்தகத்தைப் பட்டென்று மூடினேன்.

கேப்டன் சேச்சிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, பெருமையாகத்தான் சொன்னாள். "எத்தாத்த பந்தினு ஞான் போவாறே இல்ல. அவளோ? எல்லாத்தினும் சாடும்!"

எட்டாத பந்துக்கு நான் போகவே மாட்டேன், அவள் எல்லாவற்றுக்கும் பாய்வாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆமாம் ஆமாம், போனக்காடு சட்டை முழுக்க மண்ணாகத்தான் திரும்பி வருவாள் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேச்சி போகாத பந்துகளுக்கு நான் என்ன எழுதினேன்? ஹிட் என்று எழுதினேன். அதே பந்துக்குப் போனக்காடு பாய்ந்து, விரல் நுனியில் தொட்டு, நழுவ விட்டபோது என்ன எழுதினேன்? ஈ ஆறு.

எங்கள் கிளப்பில் அதுதான் வழக்கம். 'தொட்டால் ஈ' என்று எங்களுக்கு முன்னால் ஸ்கோர் எழுதியவர் சொல்லிக் கொடுத்திருந்தார். கையில் பட்ட பந்தை எடுக்கவில்லையென்றால் பிழை, படாமல் போனால் ஹிட். சந்தேகமே வராது, யாரும் சண்டைக்கு வர முடியாது, நிமிஷத்தில் எழுதிவிடலாம். கோச்சிடம் விதிப்புத்தகம் ஒன்று இருந்தது. சாதாரண முயற்சியில் எடுக்கக்கூடிய பந்தை விட்டால்தான் பிழை என்று அதில் தெளிவாக இருந்தது. நான் அதைப் படித்திருந்தேன். பென்சிலால் அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். சாதாரணம் எது, அசாதாரணம் எது என்று ஆட்டத்துக்கு நடுவில் யோசித்துக்கொண்டிருந்தால் என் பென்சில் தயங்கும். ஸ்கோரர் தயங்கினால் மரியாதை போய்விடும் என்று நினைத்தேன். ஆக, தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை.

மறுநாள் ஞாயிறு. சாப்பாட்டு மேஜை முழுவதும் மூன்று புத்தகங்களையும் விரித்துப் போட்டேன். கணவர் பூண்டு உரித்துக்கொண்டே, "எதுக்குடி இந்தப் பாடு? யாரு கேட்டா?" என்றார்.

"யாரும் கேக்கல. அதாக்கும் பிரச்சனை" என்றேன்.

என் கோடுகள் எல்லாம் அப்படியே இருந்தன. இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நான் தப்பாக எழுதியிருக்கலாம், அரைகுறையாக எழுதியதில்லை. பந்து எந்தச் சந்தில் போனது, எவ்வளவு தூரத்தில் தொட்டாள், நின்று தொட்டாளா விழுந்து தொட்டாளா, எல்லாவற்றுக்கும் அடையாளம் வைத்திருந்தேன். விழுந்தால் எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி. ஷார்ட்ஸ்டாப்புக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு, அங்கே போகும் பந்தை எடுப்பதுதான் கஷ்டம். அந்தச் சந்துக் கோடுகளை மட்டும் எண்ணினேன். கேப்டன் சேச்சி நின்ற ஆட்டங்களில் நாற்பத்திரண்டு பந்து. நாற்பத்திரண்டும் ஹிட். போனக்காடு நின்ற ஆட்டங்களில் நாற்பத்தைந்து. அதில் இருபது தடவை அவள் பாய்ந்து எடுத்து, எறிந்து, ஆளை அவுட் ஆக்கியிருக்கிறாள். இரண்டு ஹிட். மீதி இருபத்து மூன்றும் ஈ ஆறு. இருபத்து மூன்றுக்கும் கீழே புள்ளி.

முப்பத்தொன்றில் இருபத்து மூன்றைக் கழித்தால் எட்டு. சேச்சிக்கு ஒன்பது. நாலு முறை எண்ணினேன். கணவர் ஒரு முறை எண்ணினார், அவருக்கும் அதுவேதான் வந்தது. பிறகு நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் புத்தகத்துக்காக நான் அழுது அவர் பார்த்ததில்லை. பூண்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அழுது முடித்தபின் முகத்தைக் கழுவிக்கொண்டு செக்ரட்டரி சாருக்குப் போன் போட்டேன். அடுத்த சனிக்கிழமை கூட்டத்தை மறுபடி கூட்டுங்கள், ஷார்ட்ஸ்டாப் இன்னும் முடியவில்லை என்றேன்.

"எந்தா இது? கழிஞ்ஞ காரியமல்லே?" என்று அவர் சலித்துக்கொண்டார்.

"முடிந்த காரியத்தை முடித்தவள் நான்தான் சார். அதைத் திறக்கிறவளும் நான்தான்."

அந்தச் சனிக்கிழமை நான் நின்றுகொண்டே பேசினேன். பலகையில் மைதானத்தை வரைந்தேன், சந்தைக் காட்டினேன், நாற்பத்திரண்டையும் நாற்பத்தைந்தையும் எழுதினேன். தப்பு என்னுடையது, என் பென்சிலுடையது என்று மூன்று முறை சொன்னேன். "இவ்வளவு வருடம் கழித்து ரெக்கார்டை மாற்றலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். "ரெக்கார்டை மாற்றவில்லை. கோடு எல்லாம் அங்கேயேதான் இருக்கிறது. அதற்கு நான் வைத்த பெயர்தான் தப்பு. போக முடியாத இடத்துக்குப் போனவளைப் பிழைக்காரி என்று எழுதியிருக்கிறேன். போகாமல் நின்றவளை ஒன்றும் சொல்லவில்லை. இதை வைத்துக்கொண்டு உலகத்தில் எவனையும் நாம் எடை போட முடியாது" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உயரட்டும்.

கேப்டன் சேச்சி புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். பத்துப் பதினைந்து பக்கம் புரட்டினாள். அவள் கெட்டிக்காரி, கோடுகளைப் படிக்கத் தெரியும். கடைசியில், "ஷரியா. அவளுடெ படம் வெச்சோ" என்றாள். சரிதான், அவள் படத்தையே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, வந்த டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாள். பத்து நாள் குழுவில் அவளிடமிருந்து ஒரு மெசேஜ் இல்லை. எனக்கு வருத்தம்தான். ஆனால் அதற்காக நான் ஒரு எண்ணைக்கூட மாற்றுவதாக இல்லை.

இனிப் படம் வேண்டும். மற்ற எட்டுப் பேருக்கும் மாநில அணி ஜெர்சியில் பழைய படம் இருந்தது. போனக்காட்டுக்கு ஒன்றுகூட இல்லை, யார் எடுத்திருப்பார்கள்? செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். புத்தகங்களைப் பையில் வைத்துக்கொண்டு நெடுமங்காடு வழியாக வித்துரா பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க எனக்கு ஒரே குஷி. அவள் என்ன செய்வாள், கட்டிக்கொள்வாளா, அழுவாளா, என்னைத் திட்டிவிட்டுச் சிரிப்பாளா என்று ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்தில் சாப்பாடு முடிந்திருந்தது. சமையல்கட்டுக்குப் பின்னால் குழாயடியில் பெரிய அண்டாவைச் சாய்த்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஏட்டி! சொல்லாம கொள்ளாம வந்து நிக்க? சாப்டியா?" என்றாள். ஒரு தட்டில் சோறும் பயறும் போட்டுக் கொடுத்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். சுவர், ஒன்பது படம், தொட்டால் ஈ, சந்து, இருபது அவுட், இருபத்து மூன்று, எட்டு, ஒன்பது, சேச்சி சொன்னது. மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"அப்ப நான் நல்லாத்தான் ஆடினேனா?" என்று கேட்டாள்.

"நல்லாவா? ஒன்னய மாதிரி ஒருத்தி கிளப்புக்கு வந்ததே இல்ல, கேட்டியா. கணக்கு சொல்லுது."

அவள் கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை, சிரிக்கவும் இல்லை. அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இத்தன வருசம் எனக்குக் கை சரியில்லன்னு நெனச்சிட்டுக் கெடந்தேன். எம் புள்ள பந்து சொல்லித் தாம்மான்னு அழுதா. எனக்கே வராது, ஒனக்கு எங்க சொல்லித் தரன்னு வெரட்டி விட்டேன். இத இப்பயாட்டி வந்து சொல்லுவ?"

தட்டைக் கீழே வைத்தேன். "மன்னிச்சிரு" என்றேன். அந்த வார்த்தையை நான் அவளிடம் அதுவரை சொன்னதில்லை.

அவள் குழாயைத் திறந்து கை கழுவினாள், முந்தானையில் துடைத்தாள். "புஸ்தகத்த எடு" என்றாள்.

சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்தோம். இருபத்து மூன்று பிழைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். நான் தேதியைப் படிப்பதற்குள் அவள் பந்தைச் சொன்னாள். இது மழை பெய்த அன்று, பந்து வழுக்கிற்று. இது கல்லில் பட்டு எகிறிற்று. இது எனக்கு எட்டியதே பெரிய காரியம். ஒவ்வொன்றுக்கும் நான் ஈ ஆறை அடித்துவிட்டு ஹிட் என்று எழுதினேன். எல்லாப் பந்தும் அவளுக்கு நினைவிருந்தது. நான் எழுதி வைத்துக்கொண்டு மறந்ததையெல்லாம் அவள் எழுதாமலே வைத்திருந்தாள்.

இரண்டு இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது அடிக்காத. அது என் தப்புதான். எறியப் போற எடத்தப் பாத்துட்டேன், பந்தப் பாக்கல." இரண்டாவதும் அப்படித்தான். நான் வாதாடிப் பார்த்தேன், விழுந்து தொட்டதற்குப் புள்ளி இருக்கிறதே என்றேன். "புள்ளி இருந்தா? நான்ல வுழுந்தேன், எனக்குத் தெரியாதா?" என்றாள். இருபத்தொன்று மட்டும் அடித்தேன்.

மூடப் போனேன். "கடைசி ஆட்டம் எங்க?" என்றாள்.

மாநில அணிப் பட்டியல் வந்த மறுவாரம் நடந்த ஆட்டம் அது, அவள் கடைசியாக ஆடியது. அதில் அவளுக்கு ஈ ஆறு எதுவும் இல்லை என்றேன். அவளே பக்கத்தைத் தேடி எடுத்தாள். நாலாவது இன்னிங்ஸில் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். கோடு நேராக அவளிடம் போயிருந்தது. பக்கத்தில் ஹிட் என்று என் கையெழுத்து.

"இது என்ன?"

நான் பென்சிலை மடியில் வைத்தேன்.

"நேரா என் காலுக்கு வந்த பந்து. பள்ளிக்கூடத்துப் புள்ளகூட எடுத்துரும். காலுக்கு நடுவுல வுட்டேன். இதுக்கு ஏன் ஹிட்டு போட்ட?"

"நீ அழுதுகிட்டே ஆடினட்டி அன்னைக்கு" என்றேன். "எனக்குக் கை வரல."

அந்தக் கட்டத்தை விரலால் தட்டினாள். "பாவம் பாத்துப் போட்டது எனக்கு வேண்டாம். ஈ போடு."

"போட்டா ஒனக்குப் பதினொண்ணு ஆயிரும். சேச்சிக்கு ஒம்பதுதான்."

"ஆவட்டும். சந்துல பாஞ்சு அந்த இருவது பேர அவுட்டாக்குனது நான்தான? அது போதும். போடு."

போட்டேன். ஈ, பக்கத்தில் ஆறு. ஆறு கோணலாக விழுந்தது. அவள் புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தாள். எழுந்து, சமையல் உடுப்போடேயே, அண்டாவுக்குப் பக்கத்தில் சுவரோரமாகப் போய் நின்றாள். நான் போனை எடுத்தேன். வேறு புடவை மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

"இப்ப எடு" என்றாள்.